மலையில் ஒரு புள்ளி

நான் வளர்ந்த வீட்டில் எல்லோருடைய நெஞ்சிலும் ஒரு மலை இருந்தது. அப்பாவின் பனியன் கம்பெனியில் ஆஸ்திரியா நாட்டுக்குப் போகும் டீ-ஷர்ட்டுகள் தைத்தார்கள். ஆல்ப்ஸ் மலையில் ஏறி இறங்குவதையே பொழுதுபோக்காக வைத்திருக்கும் மனிதர்கள் போட்டுக்கொள்ளும் சட்டைகள் அவை. வருடத்துக்கொரு புது மலைப் படம் வரும். தையல் கோணியதும் மை கசிந்ததுமான செகண்ட்ஸ் பீஸ்களெல்லாம் கடைசியில் நல்லூரில் இருந்த எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்துவிடும். அம்மா நைட்டிக்கு மேலே ஒரு மலையை மாட்டிக்கொண்டுதான் தோசை ஊற்றுவாள். பால்காரருக்கும் ஒரு மலை கொடுத்திருந்தோம். ஆனால் எங்கள் குடும்பத்தில் யாரும் சென்னிமலைக்கும் பழனிக்கும் மேல் எந்த உயரத்தையும் கண்டதில்லை. பழனியிலும் நேரம் மிச்சம் என்று அப்பா விஞ்ச்சில்தான் போவார்.

எனக்குப் பத்து வயது நடந்த வருடம் வந்த மலைதான் எங்கள் குடும்பத்தை இரண்டாக்கப் பார்த்தது.

வீட்டில் கீழே நாங்கள், மேலே சித்தப்பா. அப்பாவுக்கு ஒரே தம்பி. கம்பெனியில் பிரிண்டிங் முழுவதும் அவர் பொறுப்பு. துணியில் படம் அச்சடிக்க ஒரு சல்லடைத் துணியைச் சட்டத்தில் இழுத்துக் கட்டி, அதன்மேல் ஒரு கெமிக்கலைப் பூசுவார்கள். படம் இருக்கும் இடத்தில் மட்டும் மை இறங்கும், மற்ற இடம் அடைபட்டிருக்கும். அந்தப் பூச்சில் ஊசிமுனை அளவு ஓட்டை விழுந்தால்கூட அதன் வழியாக மை இறங்கி, சட்டையில் தேவையில்லாத புள்ளி விழுந்துவிடும். இதற்குப் பின்ஹோல் என்று பெயர். எங்கள் வீட்டில் பேய் பிசாசைவிட இந்தப் பெயருக்குத்தான் பயம் அதிகம். செக்கிங் செய்யும் அக்காமார்களுக்குப் புள்ளியைக் கண்டதும் கை தானாக அந்தப் பீஸைத் தனியே எடுத்துப் போட்டுவிடும். சித்தப்பாவோ சட்டத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, புள்ளி புள்ளியாகத் தேடி, சின்னத் தூரிகையால் அடைப்பார். தன் கையால் போன சட்டையில் ஒரு பின்ஹோல் கிடையாது என்பது அவருடைய வாழ்நாள் பெருமை.

அந்த வருடத்து மலை, கோடு கோடாக வரைந்த அழகான படம். வரிசையாக ஏழு சிகரம். இடது பக்கத்துச் சிகரத்துக்குக் கீழே, சரிவில், கடுகளவு ஒரு கறுப்புப் புள்ளி. சாம்பிள் அடித்து அனுப்பியபோது சித்தப்பா கம்பெனியில் இல்லை. சித்திக்குப் பிரசவம், அவர் ஆஸ்பத்திரியில் இருந்தார். பாப்பா பிறந்து ஒரு வாரம் கழித்துத் திரும்பி வந்தவர், மொத்தச் சரக்குக்கான சட்டத்தைத் தூக்கிப் பார்த்தார், புள்ளியைக் கண்டார், தான் இல்லாத நாளில் பையன்கள் பின்ஹோலைக் கவனிக்காமல் விட்டுவிட்டார்கள் என்று திட்டிக்கொண்டே தூரிகையை எடுத்து அடைத்துவிட்டார். சரக்கு முழுவதும் புள்ளி இல்லாமல் அச்சாகி, செக்கிங்கில் பாராட்டு வாங்கி, பெட்டி கட்டிக் கப்பல் ஏறிப் போயிற்று.

இரண்டு மாதம் கழித்து பையரம்மாவிடம் இருந்து ஒரே ஒரு வரியில் மெயில் வந்தது. சரக்கு வாங்குகிறவரைத் திருப்பூரில் பையர் என்போம். எங்கள் பையர் அறுபது வயதைத் தாண்டிய பெண்மணி, அதனால் கம்பெனியில் எல்லோருக்கும் அவர் பையரம்மா. மெயிலில் இருந்தது இவ்வளவுதான்: வீடு எங்கே?

அப்பாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. சாம்பிளை எடுத்து லென்ஸ் வைத்துப் பார்த்தபோது விளங்கிவிட்டது. புள்ளிக்குக் கூரை இருந்தது. மலைச்சரிவில் ஒற்றையாக நிற்கும் ஒரு வீடு அது. அதைத்தான் சித்தப்பா தூரிகையால் அடைத்திருந்தார்.

அப்பா அன்றைக்குப் பேசியதை மிஷின்களை நிறுத்திவிட்டு எல்லோரும் கேட்டார்கள். பள்ளிக்கூடம் விட்டு வந்து, கம்பெனி வாசலில் பையோடு நின்ற நானும் கேட்டேன். "பொண்டாட்டி ஆஸ்பத்திரில கெடந்தா, உன்ற கண்ணும் அங்கயே கெடந்துருச்சாடா?" என்றார் அப்பா. சித்தப்பா பதிலுக்கு ஒன்றுதான் சொன்னார். "லென்ஸ் வெச்சுப் பாத்தா தூசிகூட ஊடு மாதிரிதான் தெரியும். அந்தச் செங்குத்துல எவனாச்சும் ஊடு கட்டுவானுங்களா?" பிறகு பிரிண்டிங் ரூம் சாவியை மேஜை மேல் வைத்துவிட்டுப் போய்விட்டார். சித்தியை இழுத்துப் பேசியதுதான் அவருக்குப் பொறுக்கவில்லை என்று அம்மா சொன்னாள். எனக்கு அது அவ்வளவு பெரிய பேச்சாகத் தெரியவில்லை. பள்ளிக்கூடத்தில் எங்கள் டீச்சர் இதைவிட நன்றாகத் திட்டுவார்.

அன்றோடு அண்ணன் தம்பி பேச்சு நின்றது. சித்தப்பா ராயபுரத்தில் வாடகைக்கு வீடு பார்த்துவிட்டார். பிரிண்டிங் டேபிள்களை மண்ணரையில் ஒரு ஷெட்டுக்குக் கொண்டுபோவது என்றும், வீட்டுக்கும் கம்பெனிக்கும் பாகம் பிரிப்பது என்றும் சொந்தபந்தம் கூடிப் பேசினார்கள். ஆடி மாதத்தில் எங்கள் பக்கம் நல்ல காரியம் எதையும் தொடங்க மாட்டார்கள். பாகம் பிரிப்பது நல்ல காரியமா கெட்ட காரியமா என்று யாராலும் அடித்துச் சொல்ல முடியாததால், எதற்கு வம்பு என்று அதையும் ஆவணிக்குத் தள்ளி வைத்தார்கள். ஆவணி முதல் முகூர்த்தத்தில் சித்தப்பா வீட்டைக் காலி செய்வார். மாடிப்படிக்கு கேட் போட ஆள் வந்து அளவெடுத்துப் போனான். எனக்குச் சித்தப்பாவை அப்பாவைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே பிடிக்கும். அந்த அளவு டேப்பைப் பார்த்ததும் நான் அழுதேன்.

அழுதேன் என்றாலும், எனக்கு அதில் ஒரு உத்தியோகமும் கிடைத்திருந்தது. இருவரும் நேரில் பேசாததால் எல்லாப் பேச்சும் என் வழியாகப் போயிற்று. "உன்ற சித்தப்பன்ட்ட மோட்டாரை நிறுத்தச் சொல்லு கண்ணு" என்று கீழே இருந்து வரும். "மோட்டாரை நிறுத்தி அரைமணி நேரமாச்சுன்னு உங்கப்பன்ட்ட சொல்லு சாமி" என்று மேலே இருந்து வரும். படியில் ஏறி இறங்கும்போது நான் சொந்தமாகக் கொஞ்சம் உப்பு காரமும் சேர்த்துக்கொள்வேன். இரண்டு பக்கமும் மிட்டாய் கிடைத்தது. குடும்பத்தில் இவ்வளவு முக்கியமான ஆளாக நான் அதற்கு முன்னும் இருந்ததில்லை, பின்னும் இருக்கப்போவதில்லை.

அப்பா மன்னிப்புக் கேட்டு மெயில் மேல் மெயில் அனுப்பியிருந்தார். ஒருநாள் பதில் வந்தது. பையரம்மா கோபப்படவில்லை. சரக்கைத் திருப்பவும் இல்லை. இங்கே கோடைக்காலம், வந்து மலையை நேரில் பாருங்கள், அந்த வீட்டை எடுத்தவரையும் கட்டாயம் அழைத்து வாருங்கள் என்று எழுதியிருந்தார். சித்தப்பா போக மாட்டார் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். அவரோ மறுநாளே விசாவுக்குப் போட்டோ எடுக்கப் போய்விட்டார். அங்கே வீடு கிடையாது என்று தன் கண்ணால் பார்த்துவிட்டு வந்து ஊரைக் கூட்டிச் சொல்ல வேண்டும் அவருக்கு. தம்பியின் கழுத்தைத் திருப்பி அந்த வீட்டைக் காட்ட வேண்டும் அப்பாவுக்கு. இப்படி ஒருவரை ஒருவர் தோற்கடிக்கவே இருவரும் ஒரே விமானத்துக்கு டிக்கெட் எடுத்தார்கள்.

புள்ளையையும் கூட்டிப் போங்கள் என்று சொன்னது அம்மா. இங்கிலீஷ் மீடியத்தில் படிக்கிறவள், அப்பாவுக்குத் துணையாக இருப்பாள் என்றாள். பள்ளிக்கூடத்துக்குப் பத்து நாள் லீவு. நான் யாரிடமும் சொல்லாமல் என் வசம் ஒரு கேள்வியை எடுத்துக்கொண்டு போனேன். அங்கே வீடு இருந்தால், அதில் யார் இருப்பார்கள்? பால் பாக்கெட் எப்படி வரும்? அவர்கள் வீட்டுப் பிள்ளை எந்த ஸ்கூலுக்குப் போகும்? சண்டையில் யார் ஜெயிப்பது என்பதைவிட இதுதான் என்னைத் தூங்கவிடாமல் செய்தது.

விமானத்தில் எனக்கு நடு சீட். அப்பா ஜன்னல் பக்கம், சித்தப்பா நடைவழிப் பக்கம். அப்பா பாத்ரூம் போக வேண்டும் என்றால் என்னிடம் சொல்வார், நான் சித்தப்பாவிடம் சொல்வேன், அவர் எங்கோ பார்த்தபடி எழுந்து நிற்பார். ஆஸ்திரியாவில் பையரம்மா எங்களைத் தன் ஊரில் ஒரு விடுதியில் தங்க வைத்தார். காலைச் சாப்பாட்டு மேஜையில் உப்புக் குப்பி சித்தப்பாவின் முழங்கையை ஒட்டி இருந்தது. அப்பா கையை நீட்டினாலே எட்டும். ஆனாலும் அது என் வழியாகத்தான் வர வேண்டியிருந்தது. எங்கள் மூவரையும் பையரம்மா ஒரு பார்வை பார்த்தார். நெட்டையான உடம்பு, வெட்டிவிட்ட வெள்ளை முடி, வெயிலில் சிவந்து சுருங்கிய முகம். என் தட்டில் இன்னொரு ரொட்டியை வைத்தார்.

மறுநாள் மலை. பையரம்மா மூவருக்கும் அவரவர் அளவுக்கு பூட்ஸ் கொண்டு வந்திருந்தார். பாதி உயரம் வரை கம்பியில் தொங்கும் பெட்டியில் போய், அங்கிருந்து நடந்தோம். முதலில் பசுக்கள் மேயும் புல்வெளி. ஒவ்வொன்றின் கழுத்திலும் எங்கள் பள்ளிக்கூட மணி அளவுக்கு மணி தொங்கிற்று. வழியில் மரக் கதவு வரும், திறந்து போய் மறுபடி சாத்த வேண்டும். மஞ்சள் பலகைகளில் ஊர் பேருக்குப் பக்கத்தில் கிலோமீட்டர் இல்லை, நேரம் எழுதியிருந்தது. பார்வை முனை இரண்டு மணி நேரம், சிகரம் இரண்டே முக்கால். யாருடைய நடைக்கு இரண்டு மணி நேரம் என்று நான் கேட்டேன். பையரம்மா நின்று யோசித்து, தெரியாது, ஆனால் அந்த ஆள் எப்போதும் என்னைவிட வேகமாகத்தான் நடந்திருக்கிறான் என்று சொல்லிச் சிரித்தார். அவருடைய இங்கிலீஷ் எனக்குப் பாதிதான் புரியும், இது புரிந்தது.

வழி தவறாமல் இருக்கப் பாறைகளில் சிவப்பு, வெள்ளை, சிவப்பு என்று பட்டை தீட்டியிருந்தார்கள். சித்தப்பா ஒவ்வொன்றின் முன்னாலும் குனிந்து பார்த்து, "ரெஜிஸ்டர் விட்டுப்போச்சு, செவப்பு வெள்ளையில ஏறிருச்சு பாரு கண்ணு" என்று குறை சொல்லிக்கொண்டே வந்தார். அப்பா அதற்குச் சிரிக்கப் பார்த்து, சட்டென்று செருமிக்கொண்டார். எதிரே இறங்கி வருகிறவர்கள் எல்லோரும், முன்பின் பார்த்திராத எங்களுக்கு, ஆளாளுக்கு ஏதோ வணக்கம் சொன்னார்கள். ஊருக்குள் யாரும் அப்படிச் சொல்லக் காணோம். பையரம்மாவைக் கேட்டேன். குறிப்பிட்ட உயரத்துக்கு மேலே வந்தால் எல்லோரும் எல்லோருக்கும் வணக்கம் சொல்ல வேண்டும், அது இங்கே பழக்கம் என்றார். அப்பா ஒவ்வொருவருக்கும் கும்பிடு போட்டு "வாங்க, வாங்க" என்றார். மலை எங்களுடையது மாதிரி இருந்தது அவர் வரவேற்றது.

புல் முடிந்து கல் தொடங்கியது. பாறை இடுக்கில் ஒரு அழுக்குப் பனித்திட்டு கிடந்தது. ஆடி மாதத்தில் பனி. நான் கையை வைத்தேன், சுட்டது போல எடுத்துவிட்டேன். எங்கிருந்தோ விசில் கேட்டது. யார் என்று தேடினால், பெருச்சாளியைவிடப் பெரிய ஒரு பழுப்புப் பிராணி பின்னங்காலில் நின்றுகொண்டு எங்களைப் பார்த்து விசில் அடித்தது. அப்பாவும் சித்தப்பாவும் ஒரே நேரத்தில் என்னைக் கூப்பிட்டு அதைக் காட்டினார்கள். நான் யார் பக்கம் போவது என்று தெரியாமல் நடுவில் நின்றேன். பிராணி வளைக்குள் போய்விட்டது.

பார்வை முனை என்பது ஒரு மேடு, ஒரு மர பெஞ்சு, எதிரே தெரியும் சிகரங்களின் பெயர் பொறித்த ஒரு உலோகப் பலகை, அவ்வளவுதான். ஆனால் அதற்கு எதிரே மொத்த உலகமும் இருந்தது. எங்கள் சட்டையில் இருந்த ஏழு சிகரமும் அப்படியே வரிசையாக நின்றன. எனக்கு உடம்பு சிலிர்த்தது. ஒருவிதத்தில் ஏமாற்றமாகவும் இருந்தது. இவ்வளவு பெரியதை நாங்கள் இவ்வளவு சின்னதாக அடித்து, இரவில் படுக்கப் போட்டுக்கொண்டிருக்கிறோமே என்று வெட்கமாக இருந்தது.

சித்தப்பா பைக்குள் இருந்து சட்டையை எடுத்தார். புள்ளி இல்லாத சட்டை. ஊரில் இருந்தே மடித்து எடுத்து வந்திருக்கிறார். அதை இரண்டு கையாலும் விரித்து, கண்ணுக்கு நேராகத் தூக்கிப் பிடித்து, சட்டத்தை வெளிச்சத்தில் பார்ப்பதுபோலவே ஒரு கண்ணை மூடிக்கொண்டார். நானும் அவர் கைக்குக் கீழே நின்று பார்த்தேன். முதல் சிகரத்தின் பிளவு, மூன்றாவதன் வளைவு, எல்லாம் கோட்டுக்குக் கோடு பொருந்தின. இடது சிகரத்துக்குக் கீழே, வீடு இருக்க வேண்டிய இடத்தில், சாம்பல் நிறத்தில் உடைந்த கற்கள் மேலிருந்து கீழ்வரை சரிந்து கிடந்தன. வேறு ஒன்றும் இல்லை. வீடு இல்லை, கூரை இல்லை, ஒரு சுவர்கூட இல்லை.

"ஊடு எங்கன்னு உங்கப்பன்ட்ட கேளு கண்ணு!" சித்தப்பா கத்தினார். "நல்லாப் பாத்துச் சொல்லச் சொல்லு!"

நான் நான்கு அடி தள்ளி நின்ற அப்பாவிடம் ஓடினேன். "அப்பா, ஊடே இல்லீங்கப்பா! சித்தப்பா அடிச்சதுதான் சரி! நாமதான் தப்பு!" இந்தக் கடைசி வரியை யாரும் சொல்லச் சொல்லவில்லை, அது நானாகச் சேர்த்தது.

அப்பா கண்ணுக்கு மேல் கையை வைத்து வெகுநேரம் பார்த்தார். அவர் முகம் இறங்கிப்போயிற்று. பிறகு பையரம்மா பக்கம் திரும்பி, தனக்குத் தெரிந்த இங்கிலீஷில், "மேடம், ஹவுஸ்?" என்றார்.

பையரம்மா பெஞ்சில் உட்கார்ந்தார். அப்பாவைப் பக்கத்தில் உட்காரச் சொன்னார். ரொம்ப மெதுவாக, நடுநடுவே நிறுத்தி நிறுத்திப் பேசினார். நான் காலடியில் உட்கார்ந்து கேட்டேன். தம்பி என்றார், குளிர்காலம் என்றார், பனி என்றார், பேசவில்லை என்றார். எல்லாமே எனக்கு அர்த்தம் தெரிந்த இங்கிலீஷ் வார்த்தைகள்தான். நடுவில் அவர் சித்தப்பாவைக் கை காட்டி, அவர் அடித்ததுதான் சரி என்று சொன்னது மட்டும் எனக்கு நன்றாகப் புரிந்தது. உடனே எழுந்து போய்ச் செய்தியைச் சேர்த்தேன். "சித்தப்பா, நீங்கதான் கரெக்டாம்! பையரம்மாவே சொல்றாங்க!"

சித்தப்பாவின் முகத்தில் வந்த சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. பையரம்மா சட்டைக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். சித்தப்பா விரித்துப் பிடித்திருந்த சட்டையைக் கீழே இறக்கினார். ஜெயித்தவர் இப்படியா நிற்பார் என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

பையரம்மா சொன்னது முழுவதையும் நான் தெரிந்துகொண்டது பெரியவளான பிறகு, அப்பா சொல்லித்தான். அந்த வீட்டில் பையரம்மாவின் தம்பி இருந்திருக்கிறார். கோடையில் மலை ஏறி வருகிறவர்களுக்குச் சூப்பும் படுக்கையும் கொடுக்கும் வீடு. அக்காவுக்கும் தம்பிக்கும் ஏதோ பேச்சு முற்றி, பேசாமல் இருந்திருக்கிறார்கள். எதற்காக என்பது அவருக்கே இப்போது சரியாக நினைவில்லையாம். கோபம் ஆறிவிட்டது, ஆனால் அது குளிர்காலம், பாதை மூடியிருந்தது. பனி உருகட்டும், ஏறிப்போய்ப் பேசிக்கொள்ளலாம் என்று இருந்திருக்கிறார். அந்த வருடம் பனி உருகவில்லை, சரிந்து வந்துவிட்டது. வீடும் போயிற்று, தம்பியும் போனார். அதன்பிறகு பையரம்மா வரையச் சொன்ன அந்த மலைப் படத்தில் வீட்டை மட்டும் எடுக்கவிடவில்லை. எங்கள் சரக்குப் பெட்டியைப் பிரித்த அன்றைக்குத்தான், அந்த இடம் இப்போது இருக்கிறபடியே இருப்பதைப் படத்தில் முதல் தடவை பார்த்தாராம். வீடு எங்கே என்று அவர் கேட்டது எங்களிடம் இல்லை என்றார் அப்பா.

அன்றைக்கு எனக்கு இது எதுவும் தெரியாது. அப்பா பெஞ்சிலிருந்து எழுந்து, விறுவிறுவென்று நடக்கத் தொடங்கினார். தோற்றுப்போன கோபத்தில் இருக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

பார்வை முனைக்கு மேலே சிகரத்துக்கு முக்கால் மணி நேரம். கடைசியில் ஒரு குறுகல் பாதை. ஒரு பக்கம் பாறை, அதில் பிடித்துக்கொள்ள இரும்புக் கயிறு அடித்திருந்தார்கள். மறுபக்கம் சரிவு, கீழே வெகுதூரத்தில் பசுக்கள் கடுகு கடுகாகத் தெரிந்தன. ஒருவர் பின் ஒருவராகத்தான் போக முடியும். பையரம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு முன்னால் போனார். எங்களுக்குப் பின்னால் அப்பா, அவருக்குப் பின்னால் சித்தப்பா. இந்த வரிசையில் என் உத்தியோகத்தைப் பார்க்க வழியில்லை என்று நான் கவலைப்பட்டுக்கொண்டே நடந்தேன்.

பாதையின் நடுவில் அப்பா நின்றுவிட்டார். திரும்பிப் பார்த்தேன். பாறையோடு முதுகை ஒட்டிக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு நின்றார். காற்று பலமாக இருந்தது. நான் "என்னாச்சுங்கப்பா?" என்று கத்தினேன். அவர் எனக்குப் பதில் சொல்லவில்லை. தலையைத் திருப்பாமல், "தம்பி, காலு ஒதறுதுடா. கையக் குடு" என்றார்.

சித்தப்பா அப்படியே நின்றார். நான்கு மாதமாகக் கேட்காத வார்த்தையைக் கேட்டதும் என்ன செய்வது என்று தெரியவில்லை போலிருக்கிறது. பிறகு தாவி வந்து அண்ணனின் கையைப் பிடித்துக்கொண்டார். "நானிருக்கறனுங்ணா. கீழ பாக்காதீங்க. எடது காலை அந்தக் கல்லுல வெய்யுங்க. ஆமாங்க, அப்பிடித்தான். இப்ப வலது காலு." அண்ணா என்று பத்து அடிக்குள் இருபது தடவை சொல்லியிருப்பார். சிகரம் வரை அந்தக் கையை விடவே இல்லை.

எனக்கு அவமானமாக இருந்தது. கம்பெனியில் அத்தனை பேரை அதட்டுகிற அப்பா, ஒரு கிழவியும் ஒரு சின்னப் பெண்ணும் சர்வசாதாரணமாகக் கடந்த இடத்தில் கண்ணை மூடிக்கொண்டு நின்றுவிட்டாரே! அதுவும் யாரிடம் தோற்றாரோ அவரிடமே கையை நீட்டினாரே! பையரம்மா மட்டும் அப்பாவை ஏனோ மரியாதையாகப் பார்த்துத் தலையசைத்தார்.

சிகரத்தில் ஒரு பெரிய மரச் சிலுவை, அதன் அடியில் தகரப் பெட்டி, அதற்குள் ஒரு நோட்டு. ஏறி வருகிறவர்கள் அதில் பெயர் எழுத வேண்டும். அப்பா பேனாவைச் சித்தப்பாவிடம் கொடுத்தார். "நீயே எழுதுடா. உன்ற கையெழுத்துத்தான் திருத்தமா இருக்கும்." சித்தப்பா நோட்டைத் தொடையில் வைத்து, அச்சடித்ததுபோல, அப்பா பெயர், தன் பெயர், என் பெயர், நல்லூர், திருப்பூர் என்று தமிழில் எழுதினார். அம்மா கட்டிக் கொடுத்திருந்த முறுக்கைப் பங்கிட்டுத் தின்றோம். இருவரும் ஊர்க்கதை பேசினார்கள். பாப்பாவுக்கு எப்போது மொட்டையடிப்பது என்று பேசினார்கள். மாடிப்படி கேட் ஆளுக்கு ஊருக்குப் போனதும் போன் செய்து வேண்டாம் என்று சொல்லிவிட வேண்டும் என்று அப்பா சொன்னார், சொல்லிவிடுகிறேன் என்று சித்தப்பா சொன்னார். என்னிடம் யாரும் எதையும் சொல்லி அனுப்பவில்லை. நான் அப்பா பக்கம் கொஞ்ச நேரமும் சித்தப்பா பக்கம் கொஞ்ச நேரமும் போய் உட்கார்ந்து பார்த்தேன். பயனில்லை. எனக்கு அழுகை வந்தது. கால் வலிக்கிறதா என்று இருவரும் சேர்ந்து கேட்டார்கள். ஆமாம் என்று சொல்லிவைத்தேன்.

இறங்கும்போதும் அதே குறுகல் பாதை வழியாகத்தான் வந்தோம். இந்தத் தடவை அப்பா முன்னால் போனார். ஒரு தோளில் தன் பை, இன்னொரு தோளில் என் பை. இரும்புக் கயிற்றை அவர் தொடவே இல்லை. பின்னால் வந்த சித்தப்பாவிடம் கழுத்தைத் திருப்பித் திருப்பி ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டே, எங்கள் தெருவில் நடப்பதுபோல நடந்து கடந்தார். மலையில் ஏறுவதைவிட இறங்குவதற்குத்தான் பயம் அதிகம், ஏறும்போது பாறையைப் பார்க்கிறோம், இறங்கும்போது பள்ளத்தைப் பார்க்கிறோம் என்பதெல்லாம் பின்னாளில் நானே மலை ஏறப் பழகியபோதுதான் எனக்குத் தெரிந்தது. அன்றைக்கு நான் அவர்கள் இருவருக்கும் பின்னால்தான் வந்தேன். எல்லாவற்றையும் பார்த்தேன். உத்தியோகம் போன துக்கத்தில் எதையும் யோசிக்கவில்லை.

ஊருக்கு வந்ததும் அம்மாவிடமும், சித்தியிடமும், செக்கிங் அக்காமார்களிடமும், கேட்டவர்களிடமும் கேட்காதவர்களிடமும் அந்தக் கதையைத்தான் சொன்னேன். அப்பா மலைமேல் பயந்து கண்ணை மூடிக்கொண்டார், சித்தப்பாதான் கையைப் பிடித்துக் காப்பாற்றினார் என்று நடித்தும் காட்டினேன். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். சித்தப்பா மட்டும் சிரிக்காமல், ஒவ்வொரு தடவையும் அப்பாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார்.

"ஆமா கண்ணு," என்பார் அப்பா. "பயந்துதான் போயிட்டேன்."